ஆஸ்திரேலிய இதழ்களில் நையாண்டிப் பாட்டு: தொடக்கம் எங்கே?

வாசகர் கேள்வி, 2 ஜூன்

ஆஸ்திரேலிய நகைச்சுவைக் கவிதை என்றாலே, 1880இல் சிட்னியில் தொடங்கிய ‘புல்லட்டின்’ வார இதழைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு முன்பு அங்கே ஆளுநரை வாழ்த்தும் பாக்கள் மட்டுமே அச்சாயின, எள்ளல் என்பதே இல்லை என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். இது சரியா?

2 ஜூன், இரவு

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் ஆளை ஏமாற்றுகிறது. ஆஸ்திரேலியாவின் முதல் செய்தித்தாளான ‘சிட்னி கெசட்’ 1803 மார்ச் 5 அன்று வெளிவந்தது. அதை அச்சிட்ட ஜார்ஜ் ஹவ் ஒரு கைதி, அச்சுப்பொறியோ அரசாங்கத்தினுடையது, ஆளுநர் தரப்பின் பார்வைக்குப் போய் வராமல் எதுவும் அச்சேறாது. அந்தத் தாளில் ஆளுநரைக் கேலி செய்யும் பாட்டைத் தேடிப் பயனில்லை. அங்கே கிடைப்பவை, அரசரின் பிறந்தநாளுக்கும் அரசியின் பிறந்தநாளுக்கும் மைக்கேல் மாசி ராபின்சன் 1810 முதல் எழுதிவந்த நீண்ட வாழ்த்துப் பாக்களே. ஆளுநர் மெக்குவாரி அவருக்கு 1818இல் அரசாங்க மந்தையிலிருந்து இரண்டு பசுக்களைப் பரிசிலாகக் கொடுத்தார்.

ஆனால் இந்த ராபின்சன் எதனால் கைதியாகி அங்கே வந்தார் என்று பாருங்கள். அவர் லண்டனில் வழக்கறிஞர். இரும்பு வணிகர் ஒருவரைக் கொலைகாரர் என்று பழிக்கும் செய்யுள் ஒன்றை எழுதி, பணம் தராவிட்டால் அதை அச்சிட்டுவிடுவதாக மிரட்டினார். 1796இல் அதற்காகத் தூக்குத் தண்டனை பெற்று, அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டு, 1798இல் சிட்னியில் வந்து இறங்கினார். வசைபாடி உயிரையே இழக்க இருந்தவர், வாழ்த்துப்பாடிப் பசுக்களைப் பெற்றார். எள்ளல் எழுதத் தெரிந்தவர்கள் அந்தக் குடியேற்றத்தில் இல்லாமல் இல்லை. எழுதினால் அதை அச்சிட இடம்தான் இல்லை.

4 ஜூன்

அச்சிட இடமில்லாதபோது எள்ளல் எங்கே போயிற்று என்பதற்கு விடை இருக்கிறது. அது தெருவுக்குப் போயிற்று. அக்காலத்துச் சிட்னியில் ‘பைப்’ என்று ஒன்று வழங்கியது. ஆளுநரையோ அதிகாரியையோ பழிக்கும் செய்யுளைக் கையால் எழுதி, தாளைக் குழல் போலச் சுருட்டி, யார் கண்ணிலாவது படும் இடத்தில் இரவோடு இரவாகப் போட்டுவிடுவார்கள். எடுத்தவர் படிப்பார், படியெடுப்பார், அடுத்தவருக்குக் கொடுப்பார். எழுதியவர் பெயர் இருக்காது. ஆளுநர் கிங்கைத் தாக்கும் பைப்கள் சுற்றிவந்ததற்காக 1803இல் நியூ சவுத் வேல்ஸ் படைப்பிரிவின் அதிகாரிகள் சிலர் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். கெசட் பிறந்த ஆண்டும் அதுவே என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே ஊரில், ஒரே ஆண்டில், அச்சில் ஓர் ஏடும் கையெழுத்தில் இன்னோர் ஏடும் நடந்தன. இரண்டாவதற்கு ஆசிரியரும் இல்லை, சந்தாவும் இல்லை.

ஆளுநர் ப்ளை காலத்தில் சுற்றிய ஒரு வாசகம் செய்யுள் அல்ல என்றாலும் இந்த மரபைச் சேர்ந்ததே. இந்த ஆளுநரின் கொடுமையை நிறுத்த நியூ சவுத் வேல்ஸில் ஒரு கிறிஸ்தியன் இல்லையா என்று அது கேட்டது. கிறிஸ்தவர் என்றும் படிக்கலாம். முன்பு ‘பவுன்டி’ கப்பலில் இதே ப்ளைக்கு எதிராகக் கலகம் செய்த ஃப்ளெச்சர் கிறிஸ்தியன் என்றும் படிக்கலாம். 1808 ஜனவரி 26 அன்று படைப்பிரிவு ப்ளையைச் சிறைப்பிடித்தது.

5 ஜூன்

பைப்கள் இதழில் வந்தவை அல்லவே, அவற்றை ஏன் இங்கே இழுக்கிறீர்கள் என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பைப் எழுதிய ஒருவர் பின்னர் செய்தித்தாள் தொடங்கினார் என்பதே என் விடை.

1816இல் துணை ஆளுநர் கர்னல் மோலைக் கடுமையாகப் பழிக்கும் பைப் ஒன்று சுற்றிவந்தது. எழுதியவர் யாரென்று படை அதிகாரிகள் துருவித் தேடினார்கள். எழுதியவரோ இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டிருந்தார். அவர் பெயரைப் பின்னர் வெளியிட்டவர் அவருடைய தந்தையே. அந்த இளைஞர் வில்லியம் சார்ல்ஸ் வென்ட்வொர்த். சிட்னிக்கு மேற்கே உள்ள நீல மலைகளைக் கடந்து சென்ற மூவரில் ஒருவர். அவரும் ராபர்ட் வார்டெல்லும் 1824 அக்டோபர் 14 அன்று, எவரிடமும் அனுமதி கேட்காமல், ‘ஆஸ்திரேலியன்’ என்ற செய்தித்தாளைத் தொடங்கினார்கள். கெசட்டின் மீதான தணிக்கையும் அதே மாதத்தில் விலகியது. 1827இல் ஆளுநர் டார்லிங் செய்தித்தாள்களுக்கு உரிமமும் முத்திரை வரியும் விதிக்க முயன்றபோது, தலைமை நீதிபதி ஃபோர்ப்ஸ் ஒப்புதல் தர மறுத்தார்.

தொல்காப்பியம் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது: வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம், பழியை மறைத்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம். பைப் பெயரை மறைத்ததால் பழியை வெளிப்படையாகச் சொல்ல முடிந்தது. செய்தித்தாளுக்கு அச்சிட்டவர் பெயரும் முகவரியும் உண்டு, அவதூறு வழக்கும் உண்டு. அதனால் அங்கே பழி மறைய வேண்டியிருந்தது. உருவகம், உரையாடல், புராணப் பாத்திரங்கள், இரட்டைப் பொருள் எல்லாம் அச்சுக்கு வந்த பிறகே பெருகின. அச்சின் விடுதலையைவிட அச்சின் ஆபத்தே இந்தப் பாட்டுகளுக்குக் கலைத்திறனைக் கொடுத்தது என்று நான் நினைக்கிறேன். பைப்கள் பெரும்பாலும் வெறும் திட்டு. இதை மறைப்பதில் பயனில்லை.

9 ஜூன்

சிறு குறிப்பு. அங்கே உச்சநீதிமன்ற நீதிபதியாக இருந்த பேரன் ஃபீல்ட் (Barron Field) என்பவர் 1819இல் ஆஸ்திரேலியக் கவிதையின் முதற்கனிகள் என்று தலைப்பிட்டு ஒரு சிறு நூலை வெளியிட்டார். கங்காருவைப் பற்றிய செய்யுள் அதில் உண்டு. அவருடைய பெயரை ஒலியால் கேட்டால் ‘தரிசு நிலம்’ என்று ஆங்கிலத்தில் பொருள்படும். விளைச்சலின் வறுமையைப் பார்த்தால் இந்தத் தலை உண்மையிலேயே தரிசு நிலம்தான் என்று முடியும் ஒரு நாலடிச் செய்யுள் அவர்மீது பாடப்பட்டது. சிலேடையில் பழகிய நம் காதுக்கு இதன் சுவை உடனே பிடிபடும். ஆனால் கங்காருப் பாட்டை நான் அப்படித் தள்ளிவிட மாட்டேன். எந்த அளவுகோலுக்கும் பொருந்தாத ஒரு விலங்கைக் கண்டு திகைத்த மனிதரின் உண்மையான வியப்பு அதில் இருக்கிறது.

14 ஜூன்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1844 நவம்பரில் சிட்னியில் ‘அட்லஸ்’ என்ற வார இதழ் தொடங்கியது. அதன் உயிராக இருந்தவர் ராபர்ட் லோ. 1842இல் இங்கிலாந்திலிருந்து வந்த வழக்கறிஞர். பிறவியிலேயே நிறமிக் குறைபாடும் பார்வைக் குறைவும் உடையவர். ஆளுநர் கிப்ஸ் தாமே அவரை 1843இல் சட்டமன்றத்துக்கு நியமித்தார். சில மாதங்களில் லோ கிப்ஸுக்கு எதிரியானார். அட்லஸ் அந்தப் பகைக்கு ஆயுதமானது.

சண்டை நிலத்தைப் பற்றியது. அரசாங்க நிலத்தில் பெரும் ஆட்டுமந்தைகளை மேய்த்துவந்தவர்களை ஸ்குவாட்டர்கள் என்பார்கள். ஒரே உரிமத்தில் எத்தனை மேய்ச்சல் நிலையங்களையும் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை மாற்றி, நிலையம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 10 பவுன் கட்டணம் என்று 1844இல் கிப்ஸ் விதித்தார். அதற்கு விடையாக ஸ்குவாட்டரின் குரலிலேயே லோ பாட்டுகள் எழுதினார். ஒன்றின் தொடக்கம் இப்படிப் போகிறது: நில ஆணையர் என்னிடம் ஒரு மட்டக்குதிரையைப் பந்தயம் வைத்தார், நான் வென்றேன், அதனால் என் மேய்ச்சல் நிலத்தில் சரியாக மூன்றில் இரண்டு பங்கை வெட்டிக்கொண்டார், நீ மிக வேகமாகச் செல்வம் சேர்க்கிறாய், மெல்லச் சேர்த்தால் நீண்ட நாள் நிலைக்கும் என்றார். நான்கு வரி, துள்ளும் சந்தம். அதிகாரியின் மனம்போன போக்கையும், அதை அறிவுரையாக மாற்றிச் சொல்லும் அவருடைய நாவையும் அந்த நான்கு வரியே காட்டிவிடுகிறது.

வில்லியம் ஃபார்ஸ்டர் அதே இதழில் 1845இல் எழுதியது இன்னும் துணிச்சலானது. அதில் பிசாசும் ஆளுநரும் உரையாடுகிறார்கள். கிப்ஸின் பெயரைச் சொல்லாமலே கிப்ஸைப் பிசாசின் எதிரே உட்கார வைத்துவிட்டார். இந்த ஃபார்ஸ்டர் பின்னர் 1859இல் நியூ சவுத் வேல்ஸின் முதலமைச்சர் ஆனார். லோ இங்கிலாந்து திரும்பி, 1868இல் பிரதமர் கிளாட்ஸ்டனின் அமைச்சரவையில் நிதியமைச்சர் ஆனார். 1871இல் தீப்பெட்டிக்கு வரி விதிக்க அவர் முனைந்தபோது, தீக்குச்சித் தொழிலாளர்கள் லண்டன் தெருவில் ஊர்வலமாக வந்தார்கள், வரி கைவிடப்பட்டது. பத்திரிகைகள் அவரைக் கேலி செய்து தீர்த்தன.

15 ஜூன்

நேற்று எழுதியதில் ஒரு பிழை. ‘மட்டக்குதிரையைப் பந்தயம் வைத்தார்’ என்று எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில் ‘போனி’ என்ற சொல்லுக்கு அந்தப் பொருள் உண்டுதான். ஆனால் அக்காலப் பந்தயக்காரர்களின் பேச்சில் ‘போனி’ என்றால் 25 பவுன். ஆணையர் 25 பவுன் பந்தயம் கட்டினார், தோற்றார், அந்த ஆத்திரத்தில் நிலத்தை வெட்டினார். இந்தப் பொருளை அறிந்தபின் பாட்டின் கூர்மை கூடிவிடுகிறது. நிலையத்துக்குக் கேட்ட கட்டணமே ஆண்டுக்கு 10 பவுன். அந்தக் கட்டணத்தைக் கேட்க வந்த அதிகாரி இரண்டரை மடங்குத் தொகையைப் பந்தயத்தில் வைக்கிறார். குதிரை என்று படித்திருந்தவரை இந்தக் கணக்கு என் கண்ணில் படவில்லை. நையாண்டிப் பாட்டில் முதலில் மங்கிப் போவது இப்படிப்பட்ட பேச்சுவழக்குச் சொல்தான். சோகப் பாட்டு நூறாண்டு கழித்தும் விளங்குகிறது. கேலிப்பாட்டுக்கு அகராதி வேண்டியிருக்கிறது.

21 ஜூன்

அட்லஸைப் பற்றி எழுதிவிட்டு ஒரு வாரமாக மனம் ஒப்பவில்லை. அதிகாரத்தை எதிர்த்த பாட்டு என்று மகிழ்ச்சியோடு எழுதினேன். யாருடைய அதிகாரத்தை, யாருக்காக எதிர்த்தார்கள் என்று கேட்க மறந்துவிட்டேன்.

கிப்ஸ் கேட்ட 10 பவுன் ஏழையிடம் கேட்டதல்ல. பல்லாயிரம் ஏக்கரில் ஆடு மேய்த்த செல்வரிடம் கேட்டது. அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. 1838 ஜூனில் மயால் க்ரீக் என்ற இடத்தில் பழங்குடி மக்கள் ஏறத்தாழ 28 பேரைக் குடியேறிகள் வெட்டிக் கொன்றார்கள். கிப்ஸின் அரசாங்கம் வழக்கு நடத்தியது. டிசம்பர் 18 அன்று ஏழு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். வெள்ளையர் சமூகத்தில் பெரும்பகுதி அதற்காக அவரை வெறுத்தது. அந்த டிசம்பரில், தண்டனை நிறைவேறுவதற்கு ஐந்து நாள் முன்பு, எலைசா ஹாமில்டன் டன்லப் என்ற பெண்மணி, படுகொலையில் தப்பிய ஒரு பழங்குடித் தாயின் குரலில் எழுதிய கவிதை ‘ஆஸ்திரேலியன்’ தாளில் வந்தது. 1841இல் ஐசக் நேதன் அதற்கு இசையமைத்து மேடையேற்றியபோது ‘சிட்னி ஹெரால்ட்’ அதை ஏளனம் செய்தது.

இந்த வரிசையில் வைத்துப் படிக்கும்போது, பிசாசின் எதிரே கிப்ஸை உட்கார வைத்த சிரிப்பு முன்போல் இனிக்கவில்லை. பாட்டு திறமையானதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஆளுநரை எதிர்ப்பது எளியவரின் பக்கம் நிற்பதாகிவிடாது. நான் 14ஆம் தேதி எழுதியதில் இந்த வேறுபாடு இல்லாதது குறையே.

எதிர்ப்பக்கத்துக் குரலும் இருந்தது. கைதிகளின் மகனான சார்ல்ஸ் ஹார்பர், ஒருகாலத்தில் பைப் எழுதிய அதே வென்ட்வொர்த் பெருநிலக்காரரானபின் அவரைக் கடுமையான செய்யுளில் சாடினார். 1853இல் வென்ட்வொர்த் பரம்பரைப் பிரபுக்கள் அவை ஒன்றை முன்மொழிந்தபோது, டேனியல் டெனிஹி ஒரு பொதுக்கூட்டத்தில் அதை ‘பன்யிப் பிரபுத்துவம்’ என்றார். பன்யிப் என்பது பழங்குடிக் கதைகளில் நீர்நிலைகளில் வாழும் விந்தை உயிர். அந்த இரண்டு சொல் ஊரெங்கும் பரவியது; திட்டம் எழவே இல்லை. மோலைப் பழித்து நடுங்க வைத்த அதே மனிதர், வேறொருவரின் இரண்டு சொல்லில் விழுந்தார்.

30 ஜூன்

என் பட்டறிவைச் சொல்கிறேன். இளமையில் அச்சுக்கூடத்தில் மெய்ப்புப் பார்த்தவன் நான். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ தளத்தில் பழைய தாள்களின் பக்கப்படங்கள் இருக்கின்றன. கணினி படித்த எழுத்தில் பிழை இருந்தால் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். செய்யுள்களை மட்டும் தேர்ந்தெடுத்துத் திருத்துவது என் மாலை வேலை. செய்யுள் வரிக்கு உள்தள்ளல் உண்டு. கணினி அதைப் பார்ப்பதில்லை. பக்கத்துப் பத்தியின் விளம்பரம் பாட்டுக்குள் நுழைந்துவிடும். வரியெண்ணி, இயைபு பார்த்து, எங்கே பாட்டு முடிகிறது எங்கே சோப்பு விளம்பரம் தொடங்குகிறது என்று பிரிக்க வேண்டியிருக்கும்.

அப்படித்தான் ‘மெல்பர்ன் பஞ்ச்’ இதழின் 1860 நவம்பர் 8 தேதியிட்ட பக்கத்துக்கு வந்தேன். 1855இல் தொடங்கிய அந்த இதழ், லண்டனின் ‘பஞ்ச்’ என்ற நகைச்சுவை இதழைப் பார்த்துப் பிறந்ததென்றாலும், சொந்த ஊரின் வம்புகளில் தழைத்தது. அந்தப் பக்கத்தில் நிக்கலஸ் ஷெவலியர் வரைந்த கேலிச்சித்திரம்: மெல்பர்னின் பர்க் ஒட்டகத்தின் மேல், அடிலெய்டின் ஸ்டூவர்ட் குதிரையின் மேல், கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காக யார் முதலில் கடப்பது என்ற பந்தயம். உடன் ஒரு பாட்டு. பந்தயம், பந்தயம், இப்படியொன்றை உலகம் கண்டதில்லை என்று தொடங்கி, குதிரைக்காரன் அடிலெய்டுக்காரன், ஒட்டகக்காரன் நம்மவன் என்று பாடுகிறது. படிக்கும்போது கால் தானாகத் தாளம் போடும்.

பர்க்கின் குழு 1860 ஆகஸ்ட் 20 அன்று பெருங்கூட்டத்தின் ஆரவாரத்தோடு மெல்பர்னை விட்டுப் புறப்பட்டிருந்தது. 1861 ஜூன் முடிவை ஒட்டி பர்க்கும் குழுவின் துணைத்தலைவர் வில்ஸும் கூப்பர் க்ரீக் அருகே பசியில் இறந்தார்கள். அவர்களோடு இருந்த ஜான் கிங் மட்டும், அங்கே வாழ்ந்த யந்த்ருவந்தா பழங்குடி மக்கள் உணவளித்துக் காத்ததால் உயிர் பிழைத்தார். ஸ்டூவர்ட் 1862 ஜூலையில் வட கடற்கரையை எட்டித் திரும்பினார். பாட்டு எழுதியவருக்கு இதில் எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. அன்று மாலை அந்த வரிகளை எழுத்துக்கெழுத்துத் திருத்திக்கொண்டிருந்தபோது, ‘நம்மவன்’ என்ற சொல்லில் வந்து கை நின்றுவிட்டது.

2 ஜூலை

தங்கம் தோண்டிய பொன்வயல்களை ஏன் விட்டீர்கள் என்ற கேள்விக்குச் சுருக்கமான விடை: 1850களில் பென்டிகோவிலும் பாலரட்டிலும் சார்ல்ஸ் தாட்சர் தாமே கட்டிப் பாடிய கேலிப்பாட்டுகள் மேடைக்குரியவை. தங்கம் தோண்டும் உரிமத்தைக் காட்டு என்று போலீஸ் துரத்துவதைப் பற்றிய பாட்டு, துரத்தப்பட்டவர்களின் எதிரிலேயே பாடப்பட்டது. அவை பின்னர் சிறு பாட்டுப் புத்தகங்களாக வந்தன. இதழ் என்ற வரம்புக்குள் அவை நேராக அடங்குவதில்லை என்பதால் நீட்டவில்லை.

12 ஜூலை

புல்லட்டினுக்கு வருவோம். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதுவே தொடக்கம் என்பதைத்தான் மறுக்கிறேன். ஆர்ச்சிபால்டும் ஹேன்ஸும் 1880 ஜனவரி 31 அன்று தொடங்கிய அந்த இதழ், நாட்டின் எந்த மூலையிலிருந்தும் வாசகர் எழுதி அனுப்பலாம் என்று கதவைத் திறந்துவைத்தது. ஆட்டுமயிர் கத்தரிப்பவரும் மந்தை ஓட்டுபவரும் அனுப்பிய பாட்டுகள் அச்சேறின.

1892இல் நடந்த பாட்டுச்சண்டையே இதன் உச்சம். ஜூலை 9 அன்று ஹென்றி லாசன் ஒரு பாட்டு வெளியிட்டார்: உள்நாட்டுப் புறம் போய்த் திரும்பிவிட்டேன், போனதற்கு வருந்துகிறேன், கவிஞர்கள் பாடும் பசுமை அங்கே இல்லை, வெயிலும் ஈயும் வறட்சியுமே உண்டு, இனி நகரத்து விடுதியில் பீரும் எலுமிச்சைச் சாறும் குடித்துக் குளிர்ந்துகொண்டிருப்பேன். இரண்டு வாரத்தில் ‘பாஞ்சோ’ பேட்டர்சன் விடை எழுதினார்: உனக்குப் புதர்க்காடு ஒத்துவராது, புதர்க்காட்டுக்கு நீயும் ஒத்துவர மாட்டாய், நகரத்திலேயே இரு. ஆகஸ்டில் லாசன் திருப்பி அடித்தார். எட்வர்ட் டைசன் முதலிய மற்றவர்களும் களமிறங்கினார்கள். அக்டோபரில் பேட்டர்சன் எல்லாருக்கும் சேர்த்து ஒரு விடை கொடுத்தார். இதில் சுவையான உண்மை என்னவென்றால், காட்டைப் புகழ்ந்த பேட்டர்சன் சிட்னியில் அலுவலகம் வைத்திருந்த வழக்கறிஞர். காட்டைப் பழித்த லாசன் அங்கே வறுமையில் வளர்ந்தவர்.

13 ஜூலை

இது மெய்யான பகை அல்ல, பேசிவைத்துக்கொண்ட சண்டை என்று ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். அவர் சொல்வது சரி. நேற்றே சொல்லியிருக்க வேண்டும். எழுத்து அடைத்த இடத்துக்கு ஏற்ப இருவருக்கும் கூலி கிடைத்தது. ஒருவரை ஒருவர் தாக்கி எழுதினால் இதழ்காரர்கள் நிறுத்தச் சொல்வதற்குள் நாலு பாட்டுக்குக் கூலி வாங்கிவிடலாம் என்று லாசன்தான் யோசனை சொன்னார் எனப் பேட்டர்சன் முதுமையில், 1939இல், எழுதினார்.

அதனால் சண்டை பொய்யாகிவிடவில்லை. 1892 செப்டம்பரில் ஆர்ச்சிபால்ட் லாசனுக்கு 5 பவுனும் ரயில் சீட்டும் கொடுத்து உள்நாட்டிலுள்ள பர்க் (Bourke) நகருக்கு அனுப்பினார். அந்தக் கோடையில் லாசன் தோளில் மூட்டையோடு ஹங்கர்ஃபோர்ட் வரை 200 கிலோமீட்டருக்கு மேல் நடந்து, நடந்தே திரும்பினார். கூலிக்காக விளையாட்டாய் எழுதிய வறட்சியை அவர் கால்களால் அறிந்தார். அவருடைய நல்ல உரைநடைக் கதைகள் அந்த நடையிலிருந்து வந்தன. வழக்காடு மன்றத்துப் பேச்சுக்கு எழுதிய கட்சியே கடைசியில் வாழ்க்கையாகிவிட்டதைப் போன்றது இது.

நான் வாங்கிய ஒரு தொகுப்பு இந்தப் பாட்டுகளைத் தனித்தனியாக, தேதியும் இதழும் இல்லாமல், வேறு வேறு பக்கங்களில் போட்டிருந்தது. விடையைக் கேள்விக்கு முன்னால் படித்தேன். நையாண்டிப் பாட்டைத் தொகுப்பவர்கள் இதை ஒருபோதும் செய்யக் கூடாது.

19 ஜூலை

மெய்ப்புப் பார்ப்பவன் கண்ணுக்கு விருந்தான ஒரு பாட்டு. டபிள்யூ. டி. குட்ஜ் 1897 டிசம்பரில் புல்லட்டினில் எழுதியது. ஒரு மாட்டுக்காரர் தம் குதிரையைத் திட்டுகிறார். ‘ப்ளடி’ என்ற ஆங்கில வசைச்சொல்லை அன்று அச்சிட முடியாது. அது வரும் இடமெல்லாம் ஒரு கோடு மட்டும் இருக்கிறது. ஒரு வரிக்கு ஒரு கோடாவது உண்டு. பாட்டின் நுட்பம் செய்யுள்பத்தியின் கடைசியில் இருக்கிறது. மூன்றாம் வரி, குதிரையைக் குறிக்கும் ‘கடி’ (cuddy) என்ற ஆங்கிலச் சொல்லில் முடிகிறது. ஆறாம் வரி கோட்டில் முடிகிறது. இயைபு கேட்கும் காது அந்தக் கோட்டைத் தானாகவே நிரப்பிவிடும். அச்சிட்டவர் சொல்லவில்லை, எழுதியவர் சொல்லவில்லை, படிப்பவர் வாயே சொல்கிறது. பழிகரப்பு அங்கதத்துக்கு இதைவிடச் சிறந்த செயல்முறை விளக்கத்தை நான் கண்டதில்லை. கணினி அந்தக் கோடுகளைச் சில இடத்தில் விட்டுவிட்டது, சில இடத்தில் புள்ளியாகப் படித்தது. ஒவ்வொன்றாக மீண்டும் போட்டேன். வெற்றிடத்தைப் பிழையில்லாமல் மெய்ப்புப் பார்க்க வேண்டியிருந்தது.

27 ஜூலை

இதை எழுதாமல் இழையை விட முடியாது. இந்த இதழ்களின் சிரிப்பில் ஒரு பெரும்பகுதி சீனர்களையும் பழங்குடி மக்களையும் பார்த்துச் சிரித்தது. குயின்ஸ்லாந்தின் ஜேம்ஸ் பிரன்டன் ஸ்டீவன்ஸ் யாப்பில் கைதேர்ந்தவர். அவருடைய 1873ஆம் ஆண்டுத் தொகுப்பின் பெயரே ஒரு பழங்குடிப் பெண்ணை இழித்துச் சொல்லும் சொல்லில் அமைந்தது. அவளுடைய முகத்தையும் உடலையும் பத்தி பத்தியாகக் கேலி செய்யும் செய்யுள் ஒன்றும் அவருக்கு உண்டு. சீனச் சமையற்காரரைப் பற்றிய அவருடைய பாட்டை அக்கால வாசகர்கள் விரும்பிப் படித்தார்கள். புல்லட்டின் தன் முகப்பிலேயே ‘ஆஸ்திரேலியா வெள்ளையனுக்கு’ என்று 1908 முதல் அரை நூற்றாண்டுக்கு மேல் அச்சிட்டது. சீனர்களோடு நம் நாட்டவரையும் வெளியே நிறுத்திய 1901ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்துக்கு, அதற்கு முந்தைய இருபதாண்டுச் சிரிப்பும் வழி அமைத்தது.

ஒரு நண்பர் தனிமடலில், அந்தப் பாட்டுகளைத் திருத்தாமல் விட்டுவிடலாமே, தேடினாலும் கிடைக்காமல் போகட்டுமே என்றார். இரண்டு நாள் யோசித்தேன். ஒத்துக்கொள்ள முடியவில்லை. பிழையோடு கிடந்தால் தேடுபவர் கண்ணில் படாது. படாவிட்டால், குட்ஜும் பேட்டர்சனும் எழுதிய இதழ் முழுவதும் இனிமையாக இருந்தது என்று யாராவது எழுதிவிடுவார்கள். அதனால் அவற்றையும் வரிவரியாகத் திருத்துகிறேன். அந்தச் சொற்களை விசைப்பலகையில் தட்டுவது கடினமாக இருக்கிறது, தட்டுகிறேன்.

28 ஜூலை

கேள்வி கேட்டவர் எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம் என்று மீண்டும் எழுதியிருக்கிறார். லோவின் ஸ்குவாட்டர் பாட்டிலிருந்து தொடங்குங்கள். 25 பவுனை மறவாதீர்கள். அடுத்து பஞ்சின் பந்தயப் பாட்டை, கேலிச்சித்திரத்தோடு சேர்த்து, அதே பக்கத்தில் படியுங்கள். பிறகு 1892ஆம் ஆண்டுச் சண்டையை ஜூலை 9 முதல் தேதி வரிசையில் படியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு போதும். உங்கள் நண்பரையும் உடன் உட்கார வைத்து, ஒருவர் லாசனையும் மற்றவர் பேட்டர்சனையும் உரக்கப் படித்தால் இன்னும் நல்லது.